நாலு மணிக்கு முப்பத்தி நாலரை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போனை எடுக்கப்போவதில்லை என்பது பதினேழாவது தடவை அடித்தபோது எனக்கு உறைத்துவிட்டது. அண்ணனிடம் விலாசம் கேட்டேன். லெட்டரை யாராலும் பாதியில் கட் பண்ண முடியாது என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவருக்கு இப்போது இரண்டு வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பிரித்து மாட்டுகிற மனுஷருக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியவில்லை. வளர்த்தது எங்கள் அம்மா, கெடுத்தது நீங்கள்.

பேன்ட் விஷயத்தை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் நகரவும் முடியவில்லை. பஸ் ஓட்டும் பெண்களுக்குத் தைத்த நானூறு பேன்டும் இடுப்பில் பிடிக்கிறது என்று திரும்பி வந்த அன்று, முதலாளி நம் இரண்டு பேரையும் கட்டிங் மேசை முன்னால் நிறுத்திக் கேட்டார். நீங்கள் மாஸ்டர், அளவு வெட்டுகிறவர். நான் ஃபிட்டிங்குக்கு நிற்பவள். பத்தொன்பது வருஷமாக எந்தப் பேன்டையும் முதலில் என் மேல் போட்டுப் பார்த்து, என் இடுப்பில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் மற்றதை வெட்டுகிறோம். "என் அளவு மாறலை சார்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் தப்பு வெட்டியவர் தலையில்தான் விழும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். உங்களைத் தலையணை உறை வெட்டுகிற கிளைக்கு, அதுவும் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊருக்கு மாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை.

அதை விடுங்கள். இந்தக் கடிதம் என் வயிற்றைப் பற்றியது.

காலையில் எழுந்திருக்கும்போது நான் நானாகத்தான் இருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டதும் வயிறு மெதுவாக உப்ப ஆரம்பிக்கிறது. நாலு மணிக்குத் தட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கிறது. அது நின்று பதினொரு மாதம் ஆகிறது. நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், இதைத் தாண்டி வந்தவர். உங்களுக்கு இப்படி இருந்ததா? மாத்திரை வேண்டாம் என்று பார்க்கிறேன். சாப்பாட்டை, பழக்கத்தை மாற்றிச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். நம் தொழிற்சாலையில் வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாது. இடுப்பளவையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிடுகிற இடத்தில், இடுப்பு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

மற்றபடி உங்கள் முப்பத்திரண்டு அப்படியேதான் இருக்கிறாள். இடுப்பும் முப்பத்திரண்டு, பல்லும் முப்பத்திரண்டு.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 10

முப்பத்திரண்டுக்கு,

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம்தான். நாகரிகமான காரணம் வேறு ஒன்றும் கைவசம் இல்லை. எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அண்ணன் இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

இங்கே தலையணை உறையும் திரைச்சீலையும்தான் வேலை. நாலு பக்கமும் நேர்க்கோடு. தலையணைக்கு இடுப்பு கிடையாது, உட்கார்ந்து எழுந்திருக்காது, முதலாளி கேட்டால் பதில் சொல்லாது. முப்பது வருஷம் கத்தரி பிடித்த கைக்கு இது ஓய்வூதியம் மாதிரி. மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, அது ஒன்றுதான் லாபம். பேன்ட் பற்றி நீயும் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். வயிற்றுக்கு வருவோம்.

முதலில் 'அது' என்று எழுதுவதை விடு. மாதவிடாய். பெயரைச் சொன்னால் கடித்துவிடாது. அடுத்தது, ஆமாம், எனக்கும் இருந்தது. மூன்று வருஷம் முன்னால், உன்னைவிட மோசமாக. அப்போது நான் பார்த்த டாக்டரம்மா சொன்னது இதுதான்: உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது குடல் சோம்பேறியாகிவிடும், உடம்பு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரும் உனக்குச் சூனியம் வைக்கவில்லை.

ஒரு நோட்டு எடு. காலையில் எழுந்ததும் ஒரு அளவு, நாலு மணிக்கு ஒரு அளவு, தொப்புளுக்கு நேராக. பக்கத்தில் என்ன சாப்பிட்டாய், எப்படிச் சாப்பிட்டாய் என்று எழுது. வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்று. ஒரே சமயத்தில் நாலு தையலைப் பிரித்தால் எது இழுத்தது என்று கடைசிவரை தெரியாது.

உன் நோட்டைப் பார்க்காமலே முதல் வாரத்துக்குச் சொல்லிவிடுவேன். சூயிங்கம். பசியை அடக்க நாள் முழுக்க மெல்லுகிறாயே, அதோடு காற்றையும் சேர்த்துத்தான் விழுங்குகிறாய். இரண்டாவது வாரம், சோடா. ஏப்பம் வந்தால் எல்லாம் போய்விட்டது என்று உனக்கு நினைப்பு. மூன்றாவது, நின்றுகொண்டு நாலு நிமிஷத்தில் சாப்பாட்டை உள்ளே தள்ளுவது. உட்கார். மென்று தின்னு. பஸ் ஒன்றும் கிளம்பவில்லை. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட, உன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போ.

இவ்வளவும் ஒரு பக்கம். உப்புசம் இறங்காமலே மூன்று வாரம் நின்றாலோ, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோனாலோ, அடிவயிற்றில் வலி இருந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு திரும்பவும் ரத்தம் பட்டாலோ, புதினாவையும் இஞ்சியையும் நம்பிக்கொண்டு உட்காராதே. நம் வயதில் எல்லாவற்றையும் வாயு என்று தள்ளிவிடக்கூடாது. இப்போதே ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு. இதில் என்னிடம் பேரம் பேசாதே.

நாலு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது.

உன் அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டரிடம் போய்வந்தேன். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். டாக்டர் என் வயதைக் கேட்டார், மாதவிடாய் பற்றிக் கேட்டார். நான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார், திடீரென்று சுவரில் இருந்த பல்வலி போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

நோட்டு போட்டாயிற்று. முதல் நாள் காலை முப்பத்திரண்டே கால். டேப் பழசு, அது கொஞ்சம் நீண்டிருக்கலாம். நாலு மணிக்கு முப்பத்தி நாலரை. இரண்டு தடவை அளந்தேன். அதற்கும் டேப் பழசுதான் காரணம் என்று எழுத நினைத்தேன், உங்களிடம் எடுபடாது.

சூயிங்கம்மை விட்ட முதல் மூன்று நாள் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. பென்சிலைக் கடித்தேன். நாலாவது நாள் சரியாகிவிட்டது, மாலை அளவு கால் அங்குலம் இறங்கியிருந்தது. சோடாவை அடுத்த வாரத்துக்கு என்று சொன்னீர்கள், நான் அவசரக்காரி, சேர்த்தே விட்டுவிட்டேன், திட்டாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பெரிய பாடு. அண்ணன் எதிரே வாட்சை வைத்துக்கொண்டு உட்காருகிறார். நான் தட்டை காலி செய்தால் "ஏழு நிமிஷம்தான் ஆச்சு, தோத்துட்டே" என்கிறார். இப்போது பதினெட்டு நிமிஷம் வரை வந்துவிட்டேன். பயறை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கிறேன். டீயோடு கொறிக்கிற உப்பு பாக்கெட்டை வாங்குவதில்லை. சாப்பிட்ட பிறகு தெருவைச் சுற்றி நடக்கிறோம். அண்ணன் வழியில் இருக்கிற ஒவ்வொரு லிஃப்டின் குணத்தையும் சொல்லிக்கொண்டே வருகிறார்.

நேற்று நாலு மணிக்கு முப்பத்தி மூன்றே முக்கால். நீங்கள் ஊரில் இருந்திருந்தால் ஓடிவந்து காட்டியிருப்பேன்.

ஒரு சந்தேகம். ஃபிட்டிங் எப்போதும் நாலு மணிக்குத்தானே. புது மாஸ்டர் டேப்பைப் போடும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் அளவு சரியாக வந்துவிடுகிறது. ஆனால் அரை மணி நேரம் அப்படி நின்ற நாளெல்லாம் வயிறு இன்னும் கல்லாகிவிடுகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா? இந்த வரியை ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். எல்லோரும் செய்வதுதானே, போட்டோ எடுக்கும்போது இழுக்காதவர் யார்?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

முப்பத்திரண்டுக்கு,

ஸ்கேன் நன்றாக வந்தது என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பயந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இழுத்துப் பிடிப்பதற்கு வழி கேட்டிருக்கிறாய். எனக்கு விடுவதற்குத்தான் வழி தெரியும். தரையில் மல்லாந்து படு. முட்டியை மடக்கிக்கொள். ஒரு கையை வயிற்றில் வை. மூச்சை உள்ளே வாங்கும்போது அந்தக் கை மேலே எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நெஞ்சு அசையக்கூடாது. பத்து நிமிஷம், காலையும் மாலையும். மூச்சை நாள் முழுக்க நெஞ்சோடு நிறுத்தி வைத்தால் குடலுக்கு அசைய இடம் எங்கே இருக்கும்? வயிறு வெளியே வந்தால் வரட்டும். தரை யாரிடமும் சொல்லாது.

உள்ளே வயிற்றை அமுக்குகிற பெல்ட் போட்டிருப்பாய். கழற்று. சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், இல்லையென்றால் புதினா, இல்லையென்றால் இஞ்சி. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். புதினா குடித்து நெஞ்சு எரிந்தால் அதை விட்டுவிடு. வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார். காய், பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஒரே நாளில் கூடை காலியானால் அதுவே உப்பும்.

வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி தரையில் படுத்தேன். கையை வயிற்றில் வைத்தேன். கை எழும்பவே இல்லை. எனக்கு வயிற்றால் மூச்சு விடவே மறந்துபோயிருக்கிறது. நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் கை தானாக எழுந்தது. அப்போது அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் டிரைவர் பெண்களின் பேன்டுக்கு நீங்கள் எனக்கு ஃபிட்டிங் பார்த்த நாளெல்லாம் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்புப் பட்டி தொளதொளவென்று தெரிந்தது. தையலை அரை அங்குலம் உள்ளே பிடிக்கச் சொன்னீர்கள். மறுநாளும் இழுத்தேன், இன்னும் கால் பிடித்தோம். முக்காலியில் உட்கார்ந்து காட்டச் சொன்னபோதும் விடாமல் உட்கார்ந்து, சரியாக இருக்கிறது என்று சிரித்தேன். நீங்கள் விட்டு வைத்த இடத்தையெல்லாம் என் மூச்சு தின்றுவிட்டது. நீங்கள் அட்டையில் வெட்டிக் கொடுத்த பேட்டர்னில் ஒரு நூல் அளவுகூடத் தப்பு இல்லை. இது முதலாளி கேட்ட அன்றே எனக்குத் தெரியும். பயந்தேன். முப்பத்திரண்டு இல்லை என்றால் அங்கே எனக்கு என்ன வேலை?

திங்கட்கிழமை திரும்பி வந்த மூட்டையிலிருந்து ஒரு பேன்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாலு மணிக்கு முதலாளி அறைக்குப் போனேன். கட்டிங் ஆட்களையும் கூப்பிடச் சொன்னேன். பெல்ட் போடவில்லை. எல்லோர் முன்னாலும் மூச்சை விட்டேன். கொக்கி அப்படியே சதைக்குள் இறங்கியது. கையோடு கொண்டுபோன அந்த ஃபிட்டிங் முக்காலியைப் போட்டு உட்காரப் பார்த்தேன், பாதிக்கு மேல் இறங்க முடியவில்லை.

"சார், இது மாஸ்டர் வெட்டினது இல்லை. நான் மூச்சைப் பிடிச்சு நின்னு வெட்ட வெச்சது. எனக்கு மாதவிடாய் நிக்கிற நேரம், சாயங்காலம் வயிறு உப்புது. மறைச்சேன். நானூறு பேன்டும் என் தப்பு" என்றேன்.

குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. வயிறு நிறைய மூச்சு இருந்தால் குரலும் நன்றாகத்தான் வருகிறது.

முதலாளி மூன்று நாள் என் பக்கம் திரும்பவில்லை. நாலாவது நாள் டிரைவர்கள் சார்பில் ஒரு அம்மா பேச வந்தார். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவரிடமே சொல் என்றார். சொன்னேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு மணிக்கு நாங்க அத்தனை பேரும் இப்படித்தாம்மா. பாதிப் பேர் ஸ்டியரிங்குக்குக் கீழே கொக்கியை அவுத்து விட்டுட்டுத்தான் ஓட்டுறோம். உன் உடம்புக்கே தைச்சுக் குடு, மூச்சைப் பிடிக்காம" என்றார். ஆர்டர் கையைவிட்டுப் போகவில்லை. திரும்பத் தைக்க வேண்டும், வெட்டுவது நீங்களாக இருக்க வேண்டும். முதலாளி இன்று உங்களுக்கு எழுதுகிறார். மன்னிப்பும் கேட்பார், நான் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறேன்.

நான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நாலு மாதம் உங்களை அங்கே உட்கார வைத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு வைத்தியம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 24

என் அருமை நாத்தனாருக்கு,

உன் கடிதமும் முதலாளி கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவர் என்னைப் பெருந்தன்மைக்காரி என்று எழுதியிருக்கிறார். கட்டிங் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே மேனேஜர் அதை உரக்கப் படித்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் தொடவில்லை.

நான் உன்னை ஏன் எதுவும் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் நானும் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஃபிட்டிங்கில் இடுப்புப் பட்டிக்குள் நான் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பேன் அல்லவா? சாதாரணமாக நிற்கிற வயிறு விரலுக்கு வழி விடும். இழுத்துப் பிடித்த வயிறு பலகையாக நிற்கும். முப்பது வருஷத்தில் எத்தனை இடுப்பைத் தொட்டிருப்பேன். அக்டோபரில் முதல் நாளே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. "மூச்சை விடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டரின் வேலையே அதுதான். சொல்லவில்லை.

உன் மானத்தைக் காப்பாற்ற என்று எழுதிவிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அத்தனை பேர் முன்னால் சொன்னால் உன் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆனால் அது மட்டும் இல்லை. அதற்கு முந்தின வாரம் மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது, "அண்ணிக்கு இப்போ ஏப்ரன் கயிறு பத்தலை, ஒட்டுப் போடணும்" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வருஷமாக நான் யாருக்கும் தெரியாமல் அந்தக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் வயிறு என் விரலில் பலகையாக நின்றபோது, சரி, எவ்வளவு நாள் பிடிக்கிறாய் பார்க்கலாம் என்று நினைத்தேன். அரை அங்குலம் பிடிக்கச் சொன்னது அந்த நினைப்போடுதான்.

நானூறு பேன்ட் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. முதல் சாம்பிளிலேயே யாராவது கண்டுபிடிப்பார்கள், உனக்கு ஒரு தலைகுனிவு, அதோடு தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். முதலாளி கேட்ட அன்று நீ பொய் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று அந்தப் பொய்க்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். தலையணை உறைக்கு அனுப்பியபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா? தண்டனை சரிதான் என்று எனக்குத் தெரியும். கோபம் கோபம் என்று எழுதினேனே, பாதி என் மேல் இருந்த கோபம்.

இதையெல்லாம் முதலாளிக்கும் எழுதி இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம், இங்கேயே இரு என்றாலும் சொல்லலாம். இது உனக்குத் தெரியாமல் அந்த மேசைக்குத் திரும்பி வந்து, உன் இடுப்பில் மறுபடியும் விரலை வைக்க என்னால் முடியாது.

வயிற்றுக்கு நடப்பதை நிறுத்தாதே. என் மேல் இருக்கிற கோபத்தில் சாப்பாட்டை அவசரமாகத் தின்னாதே.

உன் அண்ணி


மே 3

அண்ணிக்கு,

படித்தேன். இரண்டு நாள் உங்களுக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். அண்ணன் சாப்பிட வந்தபோது அவரிடமும் பேசவில்லை. அவர் பாவம், வாட்சைக்கூட வெளியே எடுக்கவில்லை. மூன்றாவது நாள் உங்கள் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுக்கப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே அறையில நின்னு, ஒருத்தர் மூச்சைப் பிடிச்சீங்க, ஒருத்தர் வாயைப் பிடிச்சீங்க. லிஃப்ட் நின்னுபோனா உள்ள இருக்கறவங்ககூட கத்துவாங்க" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அரை அங்குலம் பிடித்தீர்களே, அதற்காக இல்லை. உங்களுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. சோம்புத் தண்ணீர், நடை, தரையில் படுத்து விடுகிற மூச்சு எல்லாம். நான் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு ஒரு வருஷம் பெல்ட்டை இறுக்கினேன். எனக்கு மட்டும்தான் இப்படி, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மூச்சு விட்டிருப்பேன்.

அந்த ஏப்ரன் பேச்சு எனக்கு நினைவே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்களை மூன்று வருஷம் குத்துகிற இடத்தில் குத்திவிட்டு, அதை மறந்தும் போயிருக்கிறேன். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பேன்டுக்குக் கேட்டதைவிட அதிகமாகக் கேட்கிறேன்.

முதலாளி உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்து மேசை டிராயரில் வைத்தார். என்னைப் பார்த்து, "உங்க வீட்டு விஷயத்தை வீட்டுலயே பேசியிருந்தா எனக்கு நானூறு பேன்ட் மிச்சம்" என்றார். பிறகு அவர் சொன்னது இதுதான். பதினைந்தாம் தேதி நீங்கள் உங்கள் மேசைக்கு வரலாம். இந்த வருஷம் முழுக்க உங்கள் பேட்டர்னை இன்னொரு மாஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் துணியில் கத்தரி வைக்கலாம். கசக்கும், தெரியும். எனக்கும் கசக்கத்தான் செய்தது. முப்பத்திரண்டு அளவுக்கு இனி பேக்கிங் பகுதியில் இருக்கிற பெண் நிற்கப்போகிறாள், நல்ல பெண், நான்தான் நிற்கக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் பாடமே மூச்சு விடுவது. டிரைவர்கள் ஆர்டருக்கு மட்டும் நான். அது முடிந்தால் வேறு வேலை கிடைக்குமா என்று முதலாளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கும் நாள் வந்தால் கேட்டுக்கொள்வேன், இப்போது எனக்குக் கேட்க வருகிறது.

அந்த டிரைவர் அம்மா ஒரு பழைய பஸ் சீட்டைக் கழற்றி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். என்னை அதில் உட்கார வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அளவெடுக்க வேண்டுமாம். முன்பக்கம் பட்டி, பின்பக்கம் கொஞ்சம் எலாஸ்டிக் என்று கேட்கிறார். நீங்கள் வந்து அவரோடு சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். நேற்று நாலு மணிக்கு முப்பத்தி மூன்றேகால். எட்டு வாரத்தில் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. டாக்டர் இது போதும் என்கிறார். வயிறு இப்போது வலிப்பதில்லை, தட்டினால் சத்தமும் வருவதில்லை. முப்பத்திரண்டுக்கு மேலே நிற்கிற அந்த ஒன்றேகால் அங்குலத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

இனிமேல் என்னைப் பற்றி ஏதாவது உங்கள் கைக்குத் தெரிந்தால் வாயால் சொல்லுங்கள் அண்ணி. எனக்குக் கோபம் வரும். வந்தால் என்ன, நாலு நாளில் போய்விடும். நீங்கள் இல்லாத இந்த நாலு மாதம்தான் போகவே மாட்டேன் என்றது.

உங்கள் நாத்தனார்